முன்பக்கம் தமனி, பின்பக்கம் வெறும் நீலக்கோடு: ஒரு பிளாஸ்டிக் இதய மாதிரியை வாங்கிப் பார்த்த அனுபவம்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி இதயத்துக்குள் குழாயும் கம்பியும் செலுத்தும் அறையில், பத்தொன்பது ஆண்டுகளாகத் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். கடந்த ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில், கார்டியாக் டெக்னாலஜி படிக்கும் பி.எஸ்சி. மாணவர்களுக்குப் பேஸ்மேக்கர் பொருத்தும் முறை பற்றி வகுப்பும் எடுக்கிறேன். எங்கள் வகுப்பறையில் இருந்த பழைய இதய மாதிரியின் மகாதமனி உடைந்துபோனதால், புதிதாக ஒன்று வாங்க வேண்டிய நிலை வந்தது. அறிவியல் கருவிகளும் அறுவைச் சிகிச்சைக் கருவிகளும் விற்கும் பூங்கா நகர்ப் பகுதியில் நான்கைந்து கடை ஏறி இறங்கி, இயல்பான அளவில் நான்கு துண்டாகப் பிரியும் பிளாஸ்டிக் இதயம் ஒன்றைப் பேரம் பேசி 5,400 ரூபாய்க்கு வாங்கினோம். பெட்டியின் மேல் தயாரிப்பாளரின் பெயர் இல்லை. விற்ற கடையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே அச்சில் வார்த்த மாதிரியை அந்தத் தெருவில் குறைந்தது மூன்று கடைகளில் பார்த்தேன். கீழே நான் சொல்லும் குறைகள் அந்த அச்சின் குறைகள்.

இந்த மாதிரியிடம் நான் எதிர்பார்த்தது ஒன்றுதான். பேஸ்மேக்கரின் லீட் எனப்படும் மின்கம்பி உடலுக்குள் எந்த வழியாகப் போய் எங்கே நிற்கிறது என்பதை, இதுவரை எக்ஸ்ரே திரையில் அதைப் பார்த்திராத பத்தொன்பது வயது மாணவருக்கு இதை வைத்துக் காட்ட முடிய வேண்டும். மாரடைப்பையும் ஆஞ்சியோகிராமையும் பற்றிப் பாடம் எடுப்பவர்களின் அளவுகோல் வேறாக இருக்கும். அவர்களுக்கு இந்த மாதிரி முழுத் திருப்தி தரும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடது முன் இறங்கு தமனி, சுற்றுத் தமனி, வலது கரோனரி தமனி ஆகிய மூன்றும் கிளைகளோடு, மேடு பள்ளம் தெரிய, சிவப்பு வண்ணம் வழியாமல் செய்யப்பட்டிருக்கின்றன.

உள்ளே திறந்து பார்த்தாலும் பாதிக்குமேல் பாராட்டத்தான் வேண்டும். மூவிதழ் வால்வின் இதழ்கள் மெல்லிய ரப்பரில் இருப்பதால் விரலால் தள்ளினால் அசைகின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் நாண்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. வலது கீழறைக்குள் ஒரு லீட் வால்வைக் கடந்து நுனிக்கோ, இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவருக்கோ எப்படிப் போகிறது என்று காட்ட இது போதும். வலது மேலறையின் காதுமடல் போன்ற பகுதியில்தான் மேலறை லீட்டை வழக்கமாக நிறுத்துவார்கள். அங்கே சீப்புப் பற்கள்போல் வரிவரியாக இருக்கும் தசைகளில் அது பிடித்துக்கொள்கிறது. இந்த மாதிரியில் அந்த இடம் சோப்புப் பெட்டிபோல் வழவழப்பாக இருக்கிறது. ஏன் அந்த லீட்டின் நுனியை ஆங்கில ஜே எழுத்துபோல் வளைத்திருக்கிறார்கள் என்று கேட்ட மாணவிக்கு, இங்கே காட்ட ஒன்றும் இல்லாததால் வாயால்தான் விளக்க வேண்டியிருந்தது.

மாதிரியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான் ஏமாற்றம் தொடங்கியது. இதயத்தின் பின்புறம், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஓடும் பள்ளத்தில், தடித்த நீலக் கோடு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அதுதான் கரோனரி சைனஸ். இதயத் தசைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் சிரைகளில் பெரும்பாலானவை அதில் வந்து சேர்கின்றன, அது வலது மேலறைக்குள் திறக்கிறது. அதன் வாய் கீழ்ப்பெருஞ்சிரை நுழையும் இடத்துக்கும் மூவிதழ் வால்வுக்கும் இடையில் இருக்கிறது. மாதிரியில் அந்த இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி மட்டும் இருக்கிறது. அதற்குள் பால் பாயின்ட் பேனாவின் ரீஃபிலை விட்டுப் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர்கூடப் போகவில்லை. உயிருள்ள இதயத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் இருக்கும் வாசலை இங்கே ஒரு கன்னக்குழியாக ஆக்கிவிட்டார்கள்.

அது அடைபட்டிருப்பது பேஸ்மேக்கர் பாடத்துக்கு ஏன் பெரிய குறை என்று கேட்கலாம். 1958இல் ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்ற நோயாளிக்கு முதன்முதலாகப் பேஸ்மேக்கரை உடலுக்குள் பதித்தபோது, மார்பைத் திறந்துதான் மின்முனைகளை இதயத்தின் மேற்பரப்பில் தைத்தார்கள். அதே ஆண்டில் நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன் சிரை வழியாகக் கம்பியை வலது கீழறைக்குள் கொண்டுபோய் இதயத்தைத் துடிக்க வைத்தார். அன்றிலிருந்து தோளுக்கருகே உள்ள சிரையில் நுழைந்து, மேற்பெருஞ்சிரை வழியாக இறங்கி, வலப்பக்க அறைகளில் நிற்பதுதான் லீட்டுக்கு வழக்கமான பாதையாக இருக்கிறது. அந்தப் பாதையில் இடது கீழறைக்குப் போக முடியாது. தமனி வழியாக இடது கீழறைக்குள் கம்பியை நிரந்தரமாக விட்டால், அதில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. இதயம் பலவீனமாகி, இடது கீழறைக்கு மின்தூண்டலைக் கொண்டுபோகும் இடது கிளை மின்பாதை தடைபட்டு, இரு கீழறைகளும் முன்பின்னாகச் சுருங்கும் நோயாளிக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் தூண்ட வேண்டும். அப்படியானால் இடது கீழறையின் வெளிச்சுவரை எந்த வழியாக எட்டுவது?

அதற்கான வழி அந்த நீலக் கோட்டுக்குள் இருக்கிறது. கரோனரி சைனஸின் வாய்க்குள் நுழைந்து, ரத்தம் வரும் திசைக்கு எதிராகப் போய், இடது கீழறையின் பக்கவாட்டிலிருந்து வந்து சேரும் ஒரு கிளைச் சிரைக்குள் மெல்லிய லீட்டைச் செலுத்தினால், அது இதயத்தின் வெளிப்புறத்திலேயே, ஆனால் மார்பைத் திறக்காமலே, இடது கீழறையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பிரான்சின் ரென் நகரில் டோபேர் குழுவினர் இந்த முறையை விளக்கி 1998இல் வெளியிட்டார்கள். இரு கீழறைகளையும் ஒன்றாகத் தூண்டும், சி.ஆர்.டி. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் சிகிச்சை அதன் பிறகுதான் பரவியது. இதயத்தின் ரத்தம் தள்ளும் திறன் 35 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்து, இ.சி.ஜி.யில் இடது கிளைத் தடையோடு, கீழறைகளின் மின்தூண்டலைக் காட்டும் க்யூ.ஆர்.எஸ். அலையின் அகலம் 150 மில்லிசெகண்டைத் தொட்டவர்கள் இதனால் கூடுதலாகப் பயன்பெறுகிறார்கள். அப்படிப்பட்ட நோயாளிக்கு எந்தக் கிளையில் லீட் நின்றது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையின் பலன் மாறும். ஆகவே எங்கள் வகுப்பில் தமனியைவிடச் சிரைக்குத்தான் முதல் மரியாதை.

மாதிரியைச் செய்தவர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. நீலக் கோட்டிலிருந்து மூன்று கிளைகள் கிளம்புகின்றன. முன்பக்கம் தமனியோடு சேர்ந்து ஏறி, பள்ளத்தில் வளைந்து பின்னால் வரும் பெரிய இதயச் சிரை சரியாக இருக்கிறது. பின்புறம் இரு கீழறைகளுக்கு நடுவே ஓடும் நடு இதயச் சிரையும் சரியாக இருக்கிறது. வலப்பக்கத்தில் சிறிய இதயச் சிரை ஒன்று பெயருக்கு இருக்கிறது. லீட் வைப்பதற்கு நாங்கள் தேடும் இடது விளிம்புச் சிரையோ, பின்பக்கவாட்டுச் சிரையோ இல்லவே இல்லை. இடது கீழறையின் அகன்ற பக்கச் சுவர், ஊருக்கு வெளியே பிரிக்காமல் கிடக்கும் மனைபோல் வெறுமையாகக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, மேலறைத் துண்டும் கீழறைத் துண்டும் பிரியும் கோடு சரியாகச் சிரை ஓடும் பள்ளத்தின் மீது வருகிறது. காந்தம் கொஞ்சம் தள்ளி ஒட்டப்பட்டிருப்பதால், மூடும்போது பெரிய இதயச் சிரை இரண்டு மில்லிமீட்டர் இடறி நிற்கிறது.

கூடவே வந்த எண் அட்டையில் இன்னொரு பிழை இருக்கிறது. 23 என்று ஒட்டிய இடம் பெரிய இதயச் சிரை, 24 என்று ஒட்டிய இடம் சிறிய இதயச் சிரை. அட்டையில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. திரும்பக் கடைக்குப் போய்க் காட்டியபோது, “காலேஜ்ல எல்லாரும் இதைத்தான் மேடம் வாங்குறாங்க, யாரும் இதுவரைக்கும் கம்ப்ளெய்ன்ட் சொன்னதில்ல” என்றார் கல்லாவில் இருந்தவர். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும் என்பதுதான் எனக்குக் கவலையைத் தந்தது. வேறொரு பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து நகல் போட்டுக் கொடுத்தார். அதிலும் அதே பிழை இருந்தது. நான் பேனாவால் திருத்தி வைத்திருக்கிறேன்.

தாங்கியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தக் குறை பல மாதிரிகளுக்கும் பொது. இதயத்தை அதன் நுனி கீழே, பெருங்குழாய்கள் மேலே வரும்படி நேராக நிறுத்தியிருக்கிறார்கள். உடம்புக்குள் அது அப்படி நிற்பதில்லை. நுனி இடப்பக்கம் சாய்ந்து, முன்னோக்கிக் கொஞ்சம் கீழே தாழ்ந்திருக்க, கீழ்ப்பரப்பு உதரவிதானத்தின் மீது படுத்திருக்கிறது. நாம் பின்புறம் என்று சொல்லிப் பழகிய நடு இதயச் சிரை, நிற்கிற மனிதனில் உண்மையில் அடிப்புறத்தில் ஓடுகிறது. இந்த நேர்நிலையையே மனதில் வைத்திருந்த மாணவர், எக்ஸ்ரே திரையில் லீட்டைப் பார்த்ததும் திசை தடுமாறிப் போகிறார். நாங்கள் தாங்கியின் திருகைக் கழற்றிவிட்டு, கேன்டீனிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் மாதிரியைச் சாய்த்து வைத்தோம். பிறகு மாணவர்களை மேசையின் இடது முன் மூலையில் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னோம். எங்கள் கேத் லேபில் எல்.ஏ.ஓ. என்று கூப்பிடும் சாய்வான பார்வை ஏறக்குறைய அதுதான். அந்தப் பார்வையில் இடது கீழறையின் வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், முன்புறச் சிரை பன்னிரண்டு மணியில், நடு இதயச் சிரை ஆறு மணியில், நாங்கள் விரும்பும் பக்கச் சிரை மூன்று மணிக்கு அண்டையில் வரும். அந்த ஒரு டம்ளரால் மாதிரியின் மதிப்பு ஆயிரம் ரூபாய் கூடிவிட்டது என்றே சொல்வேன்.

அடைபட்ட வாயை அப்படியே விட எங்களுக்கு மனம் வரவில்லை. மருத்துவமனையின் மின்பணியாளர் ட்ரில் போட்டுக் குழியைத் துளைத்துக் கொடுத்தார். கொளத்தூர் மீன்தொட்டிக் கடை ஒன்றில் பத்து மில்லிமீட்டர் ஒளிபுகும் குழாய் ஒரு மீட்டர் வாங்கி, துளையிலிருந்து தொடங்கி நீலக் கோட்டின் மேலேயே வளைத்து ஒட்டினோம். காலாவதியான ஐ.வி. செட்களின் குழாய்களை வெட்டி, அதிலிருந்து நான்கு கிளைகளைப் பசைத் துப்பாக்கியால் பொருத்தினோம். ரப்பர் கையுறையிலிருந்து பிறை வடிவில் ஒரு துண்டு நறுக்கி வாயில் ஒட்டியதும், 1708இல் தெபீசியஸ் என்ற உடற்கூறியலாளர் விவரித்து அவர் பெயராலேயே அழைக்கப்படும் வால்வு எங்களுக்குக் கிடைத்தது. உள்ளே, பெரிய இதயச் சிரை கரோனரி சைனஸாக மாறும் இடத்தில் வியூசன்ஸ் வால்வுக்கு இன்னொரு துண்டை வைத்தோம். மொத்தச் செலவு முந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

இந்த ஒட்டுவேலை முடிந்த பிறகு நடந்த ஒரு வகுப்பை இங்கே சொல்லத்தான் வேண்டும். கேத் லேபில் லீட்டை அனுப்புவதற்கு முன் சிரைகளின் வரைபடத்தை எடுப்போம். கரோனரி சைனஸுக்குள் பலூன் கதீட்டர் எனப்படும், நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, பலூனை ஊதி வழியை அடைத்துக்கொண்டு, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்துவோம். பலூன் எதற்கு, மருந்தை நேராகவே செலுத்தினால் என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. குழாயில் தண்ணீரை மெல்ல ஓடவிட்டு, சிரிஞ்சில் பீட்ரூட் சாறு எடுத்துக் கொடுத்தேன். பலூன் இல்லாமல் செலுத்தியபோது, சாறு ஒரு நொடியில் ஓட்டத்தோடு திரும்பி வலது மேலறையில் கொட்டிவிட்டது. கிளைகளில் ஒன்றிலும் நிறம் ஏறவில்லை. அடுத்து, சிறுநீர் வடிக்கக் குழந்தைகளுக்குப் போடும் சிறிய ஃபோலி கதீட்டரை உள்ளே விட்டு, அதன் பலூனை ஊதினோம். இப்போது சாறு பின்வாங்க வழியில்லாமல் கிளைகளுக்குள் ஏறிச் சிவந்தது.

மாணவர்கள் மகிழ்ச்சியோடு படம் வரைந்தார்கள். விளிம்புச் சிரை இருக்கிறது, முன்புறச் சிரை இருக்கிறது, பின்பக்கவாட்டுச் சிரை இல்லை என்று எழுதினார்கள். நாங்கள் நான்கு கிளைகளைப் பொருத்தியிருந்தோம் என்பது எனக்குத் தெரியும். குழாயின் பின்பகுதியைக் காகிதத்தால் மூடியிருந்ததால் அவர்களுக்குத் தெரியாது. பலூனை ஆழமாகத் தள்ளி ஊதிவிட்டார்கள். வாய்க்கு அருகே பிரியும் கிளைகள் பலூனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் அவற்றுக்குச் சாறு போகவில்லை. பலூனைச் சுருக்கி இரண்டு சென்டிமீட்டர் பின்னிழுத்து மறுபடி ஊதச் சொன்னேன். பின்பக்கவாட்டுக் கிளை பளிச்சென்று நிறமேறியது. காகிதத்தை எடுத்ததும், இல்லை என்று எழுதிய மாணவர் தன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உண்மையான நோயாளியில் அந்த ஒரு வரி பிழையானால், நல்ல சிரை இருந்தும் இல்லை என்று முடிவு செய்து, லீட்டை ஒப்புக்கு முன்புறச் சிரையில் வைத்துவிட்டு வர வாய்ப்புண்டு. அதற்காகப் பலூனை மேலும் மேலும் ஊதி ஊதிப் பார்ப்பதும் தவறு. சிரையின் சுவர் மெல்லியது, உட்சுவர் கிழிபடலாம். மருந்தின் அளவு கூடினால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்கும் சுமை. இந்த இரண்டையும் பிளாஸ்டிக் சொல்லிக் கொடுக்காது.

வாயைத் தாண்டிய உடனே பிரியும் நடு இதயச் சிரையும் இந்தக் குழாய் இதயத்தில் தன் வேலையைக் காட்டியது. கம்பியை விட்ட எட்டுப் பேரில் ஐந்து பேரின் கம்பி நேராகப் போகாமல் அந்தக் கிளைக்குள் இறங்கியது. கேத் லேபிலும் இது அன்றாடக் கதைதான். வலது முன்பக்கத்திலிருந்து பார்க்கும் ஆர்.ஏ.ஓ. பார்வையிலிருந்து எல்.ஏ.ஓ.வுக்கு மாறி, கம்பி முதுகெலும்பைக் கடந்து இடப்பக்கம் ஏறுகிறதா, அடியிலேயே நுனியை நோக்கி ஓடுகிறதா என்று பார்த்தால்தான் எந்தச் சிரையில் இருக்கிறோம் என்று உறுதியாகும். ஐ.வி. குழாயை நாங்கள் இரண்டு விதமாக ஒட்டியிருந்தோம்: ஒரு கிளை சாய்வாகவும், ஒன்று ஏறத்தாழ முதுகு திரும்பியபடியும் பிரிகிறது. சாய்ந்த கிளைக்குள் 0.014 அங்குலம், அதாவது 0.36 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பி சுலபமாகப் போனது. திரும்பிய கிளையில் கம்பி நுழைந்த பிறகும், அதன்மேல் ஏற்றிய பழைய லீட் திருப்பத்தில் நின்று, தள்ளத் தள்ளப் பின்னால் வளைந்து, கடைசியில் கம்பியையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. கிளை எந்தக் கோணத்தில் பிரிகிறது என்பதைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியதைவிட, லீட் விழுந்த சத்தம் அதை நன்றாகவே பதிய வைத்தது.

இன்னொரு சேர்க்கையையும் வாங்குபவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். மாதிரியில் ஃபிரெனிக் நரம்பு இல்லை. இதயத்தைச் சூழ்ந்த உறையின் மேல், இடது கீழறையின் பக்கச் சுவரை ஒட்டி இறங்கி உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு அது. மஞ்சள் எம்ப்ராய்டரி நூலை எடுத்து அந்த வழியில் ஒட்டினோம். லீட் வைக்க நாம் விரும்பும் சிரையும் அந்த நூலும் ஓரிடத்தில் ஒன்றையொன்று குறுக்காகக் கடப்பது உடனே கண்ணில் படும். அங்கே லீட்டின் மின்முனை நின்றால், ஒவ்வொரு துடிப்பிலும் வயிறு விக்கல்போல் தூக்கிப் போடும். கேத் லேபில் பத்து வோல்ட் கொடுத்துச் சோதிக்கும்போது, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே ஒரு கையை நோயாளியின் மேல்வயிற்றில் வைத்திருப்பது என் வழக்கம். திரையில் தெரியாத துடிப்பு கையில் தெரியும். படுத்திருக்கும்போது ஒன்றும் இல்லாமல், வீட்டுக்குப் போய் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்ததும் தொடங்கிய கதைகளும் உண்டு. நான்கு மின்முனைகளுள்ள லீட் வந்த பிறகு, லீட்டை அசைக்காமல் வேறு முனையிலிருந்து தூண்டித் தப்பிக்க முடிகிறது. இரண்டு முனை லீட்டில் அந்த வசதி குறைவு.

சிரை இருந்தால் எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போகலாம் என்ற எண்ணத்தையும் இந்த மாதிரியை வைத்தே திருத்தலாம். மேடிட்-சி.ஆர்.டி. ஆய்வில் சேர்ந்த நோயாளிகளின் எக்ஸ்ரே படங்களைப் பின்னர் அலசிப் பார்த்தபோது, லீட் இதயத்தின் நுனிப்பக்கம் நின்றவர்களுக்கு இதயச் செயலிழப்பும் மரணமும் கூடுதலாக இருந்தது தெரிந்தது. எனவே கீழறையை அடி, நடு, நுனி என்று ஸ்கெட்ச் பேனாவால் மூன்று வளையமாகப் பிரித்து, நுனி வளையத்துக்குச் சிவப்பு அடித்திருக்கிறோம்.

இந்தப் பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. கறிக்கடையில் இதயம் மிக மலிவு. உண்மையான சிரை, உண்மையான வால்வு. கடைக்காரரிடம் முன்னமே சொல்லி வைக்காவிட்டால், சமையலுக்கு வசதியாக இரண்டாகக் கீறித்தான் கொடுப்பார். “கீறாம, மேல இருக்கிற குழாயெல்லாம் சேர்த்து வேணும்ணா” என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தருவார். ஆனால் செம்மறியாட்டு இதயத்தில் ஒரு பொறி இருக்கிறது. இடது அசைகஸ் சிரை என்ற, மனிதரில் வேறு வழியில் போகும் ரத்தக்குழாய், செம்மறியில் நேராகக் கரோனரி சைனஸில் வந்து விழுகிறது. வாய் பெரிதாக இருக்கும், கம்பி சுலபமாக நுழையும், மாணவர் தனக்குக் கை வந்துவிட்டது என்று நம்பிவிடுவார்.

விந்தை என்னவென்றால், அந்த ஆட்டு இதயத்துக்கு ஒத்த நிலை சில மனிதரிலும் உண்டு. கருவில் இருக்கும் இடது மேற்பெருஞ்சிரை மறையாமல் நின்றுவிட்டால், அது கரோனரி சைனஸில் வந்து சேர்ந்து அதை வீங்க வைத்துவிடுகிறது. ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இப்படி இருக்கலாம் என்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் உடனிருந்த ஒரு சாதாரணப் பேஸ்மேக்கர் சிகிச்சையில், இடது தோளில் விட்ட கம்பி வலப்பக்கம் திரும்பாமல் முதுகெலும்பின் இடப்புறமாகவே கீழே இறங்கியது. அறையில் எல்லோரும் அமைதியானோம். எக்கோ படத்தில் கரோனரி சைனஸ் பெரிதாக இருந்ததை யாரும் பொருட்படுத்தியிருக்கவில்லை. வலது மேற்பெருஞ்சிரை இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டு, வலது தோளுக்கு மாறி வேலையை முடித்தார்கள். எனவே ஆட்டு இதயத்தை நான் அடியோடு ஒதுக்கவில்லை. இரண்டாம் பாடத்துக்கு வைத்திருக்கிறேன்.

சி.டி. படத்திலிருந்து முப்பரிமாண அச்சில் எடுத்த சிலிகான் இதயங்கள் நன்றாகவே இருக்கின்றன. எங்களிடம் சொன்ன விலையைக் கேட்டதும் நாங்கள் தேநீர் குடிக்கக்கூட நிற்காமல் வந்துவிட்டோம்.

இனிமேல் சிரைப் பாடமே தேவையா என்று ஒரு மாணவர் கேட்டார். இடது கிளை மின்பாதைக்கு அருகிலேயே, வலது கீழறைப் பக்கத்திலிருந்து இடைச்சுவருக்குள் லீட்டைத் திருகி வைக்கும் முறை 2017இல் ஹுவாங் குழுவினர் வெளியிட்ட பிறகு வேகமாகப் பரவி வருகிறது. அதற்குக் கரோனரி சைனஸுக்குள் போக வேண்டியதில்லை. இந்த மாதிரியின் இடைச்சுவர் நல்ல தடிப்பில் இருப்பதால் அந்த முறையைக் காட்டவும் உதவுகிறது என்பதை மாதிரியின் பக்கம் வரவு வைக்கிறேன். ஆனால் தசை தழும்பாகிப்போன சுவரில் அந்தத் திருகு நுழையாமல் திரும்பிய நாட்களில் நாங்கள் மறுபடி பலூன் கதீட்டரைத்தான் எடுத்திருக்கிறோம். சிரை சரியில்லாத நாளில் இடைச்சுவருக்குப் போனதும் உண்டு. இரண்டையும் தெரிந்தவர்தான் மேசையருகே நிற்க வேண்டும்.

வாங்கலாமா என்று கேட்டால், தமனிப் பாடத்துக்குத் தயங்காமல் வாங்குங்கள். பேஸ்மேக்கர் பாடத்துக்கு, ட்ரில் போட ஆளும் ஒரு மாலை நேரமும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு ரீஃபில் இருக்கட்டும். மாதிரியைத் திருப்பி, வலது மேலறையைத் திறந்து, அந்தக் குழிக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே போனால் கேட்ட விலைக்கே எடுத்துவிடலாம். போகாவிட்டால் குறைந்தது ஐந்நூறு ரூபாயாவது குறைத்துக் கேளுங்கள், நாங்கள் கேட்கத் தவறிவிட்டோம். ஒன்றை நினைவில் வையுங்கள்: துளை போட்ட மாதிரிக்கு மாற்று கிடையாது என்று எங்களிடம் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

நான்கு மாதப் பயன்பாட்டில் பிளாஸ்டிக்கில் விரிசல் இல்லை, வண்ணமும் உரியவில்லை. கையுறை ரப்பர்தான் சென்னை வெயிலில் பிசுபிசுத்துப்போகிறது. மாதம் ஒருமுறை மாற்றுகிறோம். சென்ற மாதம் மாற்றும் வேலையை மாணவர்களிடம் விட்டேன். தெபீசியன் வால்வு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு அவர்கள் மூன்று வகை செய்திருந்தார்கள்: மெல்லிய பிறையாக ஒன்று, வலைபோல் துளைகளிட்டு ஒன்று, வாயை முழுக்க மூடி ஓரத்தில் மட்டும் கீற்றாக இடைவெளி விட்டு ஒன்று. மூன்றாவது வகையைக் கடந்து கம்பியை உள்ளே கொண்டுபோக எனக்கே பதினொரு நிமிடம் ஆனது. செய்முறைத் தேர்வு வரை அதையே கழற்றாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.